புது கார்டில் காகிதம் பறக்கவில்லை

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு மந்தைவெளி வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஆஸ்வின், முப்பத்தொரு வயது, இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தோடு விட்டவன், தரமணியில் இரவு ஷிப்ட் பார்ப்பவன், காலையில் வந்ததிலிருந்து படுக்காதவன். அவனுடைய அப்பா லியோனார்ட், பள்ளிக்கூட ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் ரெக்கார்டு கிளார்க்காக இருந்தவர். பக்கவாதம் வந்து பதினாலு மாசம் ஆகிறது, வலது கையும் பேச்சும் போய்விட்டன, வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். அக்கா ஷெரில், வேளச்சேரியிலிருந்து ஒரு காலிப் பெட்டியோடு வந்திருந்தாள். இவர்களைத் தவிர, பக்கத் தகடு கழற்றின கம்ப்யூட்டர் ஒன்று மேஜைக்கடியில் குடலைக் காட்டிக்கொண்டு நின்றது.

“ஹலோ… ஹலோ ஜீஷான்… ஆங், கேக்குது, சொல்லு… தொழுகை முடிஞ்சு சாப்ட்டுக்கினு கீறியா? சாப்டு, சாப்ட்டுக்கினே கேளு. இன்னாடா கிராபிக்ஸ் கார்டு குடுத்த நீ?… புதுசுதான். புதுசுதான், யாரு இல்லன்னா… பதினொண்ணு… பதினொரு ஃபிரேம்டா. செகண்டுக்குப் பதினோரு படம் வருது, போதுமா?… இல்ல, கேம்ல சும்மா நடந்தா நல்லாத்தான் போவுது. முன்னூறு காட்டுது. வெறும் காரிடார்ல வழுக்கிக்கினு போவுது. கண்ணாடிய சுட்டா அப்டியே படுத்துருது.”

ஜீஷானுக்கு ராயப்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை. ஆஸ்வினோடு காலேஜில் சேர்ந்தவன். அவன் படித்து முடித்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஷெரில் வந்த காரியம் அப்பாவைக் கூட்டிப் போவது. ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது ஆஸ்வின் அப்பாவை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போகிறான் என்று கீழ்வீட்டு சந்திரிகா போன வாரம் அவளிடம் சொல்லிவிட்டாள். ஷெரில் சண்டை போடவில்லை. அவராக ஏதாவது செய்கிறாரா என்று மட்டும் கேட்டாள். செய்கிறார், கேம் ஆடுகிறார் என்றான் ஆஸ்வின். சரி, வெள்ளிக்கிழமை வருகிறேன், என் கண்ணெதிரே அரை மணி நேரம் ஆடட்டும், பெட்டியைக் காலியாகவே திருப்பி எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். அந்த அரை மணி நேரத்தில் இருபது நிமிஷம் தீர்ந்திருந்தது.

“டிரைவரா? மூணு வாட்டி போட்டேன்டா. போட்டு, எடுத்து, திருப்பிப் போட்டு… ஆங்… ஆங்… சூடெல்லாம் ஆவல. ஃபேனே சுத்தல அதுக்கு. அது ஜாலியா உக்காந்துனு கீது… யாரு? பிராசஸரா? அது முழி பிதுங்கிக்கினு கீது. நூறு பர்சென்ட்… அதுக்கு இன்னா அர்த்தம்?”

சுடுகிற கேம்தான், பதினைந்து வருஷத்துப் பழசு. லியோனார்ட் அதில் யாரையும் சுடமாட்டார். மூன்றாவது கட்டத்தில் ஓர் ஆபீஸ் வரும். ஆளில்லாத ஆபீஸ், நீளமான கண்ணாடித் தடுப்பு, மேஜைக்கு மேஜை ஃபைல். அந்த இடத்தில் ஆஸ்வின் சேவ் பண்ணி வைத்திருந்தான். கண்ணாடியைச் சுட்டால் அது பொடியாகக் கொட்டும். ஃபைலில் உள்ள காகிதமெல்லாம் எழும்பி அறை முழுக்கப் பறக்கும். முப்பத்து நாலு வருஷம் காகிதத்தை அடுக்கி, நூல் கட்டி, நம்பர் போட்ட மனுஷன் அதைப் பார்த்து வாயைக் கோணிக்கொண்டு சிரிப்பார். கடைசிக் காகிதம் தரையில் விழுந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வேறெதற்கும் சிரித்து ஆஸ்வின் பார்த்ததில்லை.

பழைய கார்டுக்கு ஃபேன் சத்தம் அதிகம். எப்போதாவது திரை கறுத்துப் போகும். அக்கா எதிரில் கறுத்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் நேற்று சாயங்காலம் அதை ஜீஷானிடம் மாற்றாகக் கொடுத்துவிட்டுப் புதுசை மாட்டினான். காரிடாரில் நடந்து பார்த்தான். முன்னூறு. வேலைக்குப் போய்விட்டான். கண்ணாடியைச் சுட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

“இரு இரு, மெதுவா சொல்லு… அந்தக் காகிதம், கண்ணாடி, பொக, இதெல்லாம் பழைய கார்டு தானே கணக்கு போட்டுச்சு… ஆமா… புதுசுல அந்த வேலையே எடுத்துட்டானுங்களா?… யாரக் கேட்டுடா எடுத்தானுங்க?… பழைய கேமுக்கு மட்டுமா? அப்போ பழச ஆடறவன்லாம் செத்துட்டானா?… சரி, அதனால பிராசஸர் தலைல வந்து வுழுது. அதுக்குத் தெரியாது, திணறுது… புரிஞ்சிச்சு… ம்… இத நேத்து சொல்றதுக்கு இன்னாடா கேடு உனக்கு?… பட்டையக் கிளப்பும்னு சொன்னியே, ஆயிரம் கேம் ஆடிப் பாத்த மாதிரி?… சரி வுடு. சாரிலாம் வாணாம். வேலையச் சொல்லு.”

லியோனார்ட் மேஜை முன்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு காகிதம் பாதி எழும்பி, நின்று, கொஞ்சம் நகர்ந்து, நின்றது. அவர் இடது கை மவுஸ் மேல் இருந்தது. ஷெரில் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து மொபைலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மொபைலைப் பார்த்தாள்.

“அக்கா, ரெண்டு நிமிஷம்… செட்டிங்ஸ் மாத்தறேன்… ஆடுவாருக்கா, தினம் ஆடறாரு… நான் எதுக்குப் பொய் சொல்லணும்?… ஆங் மச்சி, நீ சொல்லு. அந்தக் காகிதக் கணக்க ஆஃப் பண்ணவா? பண்ணா?… முன்னூறு வந்துருமா? கண்ணாடி உடையும்ல?… உடையும். சரி. இரு… ஆஃப் பண்ணிட்டேன். ஸ்டேஜ் லோடாவுது… டாடி, இப்ப சுடுங்க. டாடி… அதான், அதே கண்ணாடி. அமுக்குங்க.”

அவர் அமுக்கினார். திரை ஒரு துளியும் தடுமாறவில்லை. மூலையில் முன்னூற்றுப் பன்னிரண்டு என்று பச்சையில் எரிந்தது. கண்ணாடி இருந்த இடத்தில் கண்ணாடி இல்லை. மேஜைகள் அப்படியே இருந்தன. ஃபைல்கள் அப்படியே இருந்தன. ஒரு தாள் அசையவில்லை.

லியோனார்ட் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டார்.

“முன்னூத்தி பன்னண்டு… ம், சூப்பரா போவுது… இல்ல… காகிதம் பறக்கல… இல்லடா, அது இல்லாம அவரு ஆடமாட்டாரு. அதுக்குத்தான் ஆடறாரு… மவுஸ வுட்டுட்டாரு. கைய எடுத்துட்டாரு… தெரியல. நான் சொன்னா கேப்பாரா? என் பக்கமே திரும்ப மாட்டாரு.”

ஷெரில் எழுந்து பெட்டியைக் கட்டில் மேல் வைத்துத் திறந்தாள்.

“அக்கா, இன்னும் ஆறு நிமிஷம் கீது… இருக்கு… நான் ஒண்ணும் ஏமாத்தல… சத்தியமா நேத்து வரைக்கும் ஆடினாருக்கா. கார்டு மாத்தினதுலதான்… கார்டுக்கா, உள்ள போடறது… அய்யோ, உனக்கு எப்டி சொல்றது… ஆமா, பூட்டிட்டுதான் போறேன். வேற இன்னா பண்றது? பாத்ரூம் போறேன்னு எழுந்து படியில இறங்கினார்னா?… தெரியும். தீப்புடிச்சா இன்னா பண்ணுவாருன்னு தெரியும்… யோசிச்சேன்… யோசிச்சிட்டுதான் போனேன்… ஒண்ணு சொல்றேன், உன் வேளச்சேரி வீட்லயும் மழை வந்தா படகுலதான் இறக்கணும்… சரி. அத வுடு. சொல்லல.”

பூட்டு எப்போதும் வெளியே கொக்கியில்தான் தொங்கும். பகலில் வாயைத் திறந்துகொண்டு தொங்கும். ராத்திரி அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். சாவி ஆஸ்வின் பாக்கெட்டை விட்டு எங்கும் போகாது.

“மச்சி, கீறியா?… கீறேன், கீறேன்… அக்காதான். பொட்டி கட்டறா… அதான்டா சொன்னேனே, பூட்டுனதுக்கு… பதினாலு மாசமா. தினம் ஒம்போது மணிக்கு. கட்டில்ல படுக்க வச்சி, தண்ணி பாட்டில் பக்கத்துல வச்சி, வெளிய பூட்டி, ரெண்டு வாட்டி இழுத்துப் பாத்துட்டுதான் போவேன்… ரெண்டு வாட்டி. ஒரு வாட்டி இழுத்தா படி இறங்கச் சொல்லோ சந்தேகமா கீது… அவரா? அவரு ஒண்ணும் சொல்லல. இன்னா சொல்லுவாரு? கண்ண மூடிக்கினு படுத்துனு இருப்பாரு… தூங்கிடுவாருன்னுதான் நெனைக்கிறேன்.”

“ம்… ம்… பழைய கார்டையும் கூடவே மாட்டலாமா? ரெண்டும் ஒண்ணா?… புதுசு படத்தக் காட்டும், பழசு அந்தக் காகிதக் கணக்க மட்டும் பாக்கும்… ஓடுமா அது?… ஓடும்னா நேத்து சொன்ன மாதிரி ஓடுமா, நெஜமா ஓடுமா?… சரிடா, சும்மா கேட்டேன். கொண்டா அத… எங்க?… இன்னாது?… எப்ப?… காலைலயேவா? யாருக்குப் போட்ட?… யாரு ஆனந்தகுமார்?… கோட்டூர்புரம். அவரு இன்னா பண்றாரு அத வச்சிக்கினு?… மெயில் பாக்கறாரு. மெயில் பாக்கறதுக்கு அந்தக் கார்டாடா? ஏன்டா, உனக்கே இது நல்லா கீதா?… சரி… சரி… போய்க் கழட்டிக்கினு வா… சொல்லிக்கோ எதனா. ரிப்பேர்னு சொல்லு. வேற ஒண்ணு மாட்டிக் குடு. மெயில் எதுல வேணா வரும்… எவ்ளோ நேரம்?… நாப்பது நிமிஷம்.”

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே திரும்பினான்.

“அக்கா, நாப்பது நிமிஷம் குடு… ஒரே ஒரு தடவ… வண்டி எப்ப வருது?… கேன்சல் பண்ணிட்டு வேற போடலாம்ல… நீயே பாரு, சிரிப்பாருக்கா. நீ பாத்ததில்ல. வாய் இப்டி ஒரு பக்கமாப் போவும்… தெரியும், நீ கேட்டது அரை மணி நேரம்தான். நான்தான் சரின்னேன்… ம்… ம்… மாத்திரை ஷீட்டு ஃபிரிட்ஜ் மேல. காலைல வெள்ளை, ராத்திரி ரெண்டு… அந்தச் சட்டை வாணாம், அதுக்கு பட்டன். பட்டன் அவருக்கு ஆவாது. ஒரு கையால ஒண்ணும் பண்ண முடியாது அவரால, நீ டி-ஷர்ட்டே எடுத்துக்கோ.”

லியோனார்ட் திரையைப் பார்த்தபடியே இருந்தார். ஷெரில் வந்து அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து செருப்பை மாட்டிவிட்டாள். காலைக் கொடுத்தார். நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்தினாள். எழுந்து அதில் போய் உட்கார்ந்துகொண்டார். அவளைத் தடுக்கவும் இல்லை, மகனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கீழே வண்டி ஹாரன் அடித்தது.

“சரிக்கா… நீ பொட்டிய வச்சிட்டு டிக்கிய மூடு, நான் மெதுவாக் கூட்டியாரேன்… ஒரு மாடிதானே… பத்திரமாத்தான்… ம்… வரேன், ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வரேன்… சரி.”

அவள் பெட்டியோடு இறங்கிப் போனாள். படியில் பெட்டி இடிபடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கீழே போனது.

“ஹலோ… கீறேன்டா. எங்க வந்துட்ட?… பாலத்து மேலயா? வண்டிய ஓட்டிக்கினே பேசாத, ஓரமா நிறுத்து… கார்டு கெடச்சிதா?… அதுக்குள்ளவா? இன்னா சொன்ன அவருகிட்ட?… ஹ்ம். நல்லவரா இருக்காரு… இல்ல. போறாங்க. அவ கீழ போய்ட்டா, டாடிய நான் இறக்கணும்… அதனால இன்னா, நீ வா. போட்டுத்தான் பாப்போமே… யாருக்குன்னா? யாருக்கும் இல்ல. கம்ப்யூட்டரு தொறந்துதான கீது… ஸ்லாட்டா? கீழ ஒண்ணு காலியா இருந்த மாதிரி ஞாபகம். இரு, பாக்கறேன்.”

மொபைலை ஸ்பீக்கரில் போட்டு, அதன் டார்ச்சை எரியவிட்டு, மேஜைக்கடியில் தலையை நுழைத்தான். உள்ளே தூசி. புது கார்டு பளபளவென்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு ஸ்லாட் காலியாகத்தான் இருந்தது.

“கீது மச்சி… நீளமானதுதான்… கரென்ட் ஒயரா? ஒண்ணு தனியா தொங்குது… எட்டு பின்னு… ஆறும் ரெண்டும்… போதுமா?… போதும்னா சரி.”

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. கால் இழுபடும் சத்தம், ஒரு தடவை, இரண்டு தடவை, நாலு தடவை. கதவு சாத்திக்கொண்டது. அறை கொஞ்சம் இருட்டானது.

“டாடி, இருங்க, வரேன்… நீங்களா படி இறங்காதீங்க… உங்கிட்ட இல்லடா, டாடிகிட்ட.”

வெளியே கொக்கியை இழுத்து மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு இரும்பு மரத்தில் மோதி வழுக்கியது. மறுபடி மோதி வழுக்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, கனமான மூச்சு மட்டும். மூன்றாம் தடவை இரும்பு எங்கேயும் மோதவில்லை. க்ளக் என்றது.

ஆஸ்வின் மேஜைக்கடியிலேயே இருந்தான்.

“…ஒண்ணுமில்ல… ஒண்ணுமில்லடா, பூட்டற சத்தம்… வெளிய… அக்கா இல்ல, அவ கீழ கீறா. டாடி… ஆமா, டாடிதான்… எப்டின்னா? ஒரு கையாலதான்… சாவி எங்கிட்டதான் கீது. நீ வந்தா ஜன்னல் வழியாப் போடறேன்… இல்ல, கூப்பிடல. அவளையும் கூப்பிடல… சும்மாதான் உக்காந்துனு கீறேன்… மச்சி, வை… வைடா கொஞ்சம். அவரு இன்னும் முடிக்கல.”

அழைப்பைத் துண்டித்தான். டார்ச் மட்டும் காலி ஸ்லாட்டின் மேல் எரிந்துகொண்டிருந்தது. அவன் கதவைப் பார்த்தான்.

கதவு ஒரு தடவை குலுங்கியது. கொஞ்சம் விட்டு, இன்னொரு தடவை.