விரட்ட மறந்த உடம்பு

மழைக்காலம். சாயங்காலம் ஏழு மணி. வங்காளத்தில் கல்யாணி என்ற ஊருக்கு வெளியே, ஆய்வுக்கூடத்திலிருந்து ரயிலடிக்குப் போகிற சாலை... ஒரு டோட்டோ, அதான் பேட்டரி ரிக்‌ஷா, கூட இல்லை. தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள் சுதேஷ்ணா, நம் மெஸ் தேபுவின் மாமா மகள். சாப்பாட்டு டப்பாவுக்குள் ஒரு சின்னக் குப்பி. குப்பிக்குள் புழு முட்டைகள்.

"டேய், பொரி மெல்லுறத நிறுத்துங்கடா. கத கேக்கல," என்று கத்தினான் மெஸ் அறை மூலையிலிருந்து ஒருவன்.

அவளுக்கு எலிகளோடு வேலை. எலிகளுக்கு ஏசி, அவளுக்கு மின்விசிறி. வெள்ளெலியின் முதுகில் கறுப்பெலியின் தோலைத் துண்டாக ஒட்டுவாள். சில நாளில் உடம்பு அதை அந்நியன் என்று கண்டுகொண்டு உதறிவிடும். குடலில் புழு ஏறிய எலி மட்டும் உதறாது. புழு தன் பிழைப்புக்காக உடம்பின் காவல்காரனைத் தூங்க வைத்துவிடும். வெள்ளை முதுகில் கறுப்பு முடி செழிப்பாக வளரும்.

அவள் கணவன் அனிமேஷுக்குள் இருந்தது, பைக் விபத்தில் செத்துப்போன தம்பி புபாயின் சிறுநீரகம். அதை அவன் உடம்பு உதறத் தொடங்கியிருந்தது... மருந்து எதுவும் எடுபடவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

எலிப் புழு மனிதக் குடலில் பிழைக்காது. மாணவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்ததுதான். இருந்தும், குப்பியில் இருந்த முட்டைகளை அவனுக்கு வைத்த ஆறின பாயசத்தில் கலந்தாள்.

"பாயசத்துலயா? சீ!"

"நம்ம மெஸ் மீன் கொழம்ப விட அது சுத்தம்டா. கேளு."

அனிமேஷ் தேறினான். முகவீக்கம் வடிந்தது. மாமியார் காளி கோயிலுக்கு ஓடினாள். பிறகு... தூக்கத்தில் அவன் வலது கால் உதைக்க ஆரம்பித்தது. பைக்கைக் கிளப்புவதுபோல. ஒரு உதை... இன்னொரு உதை... போர்வையில் பெட்ரோல் வாசனை.

ஒரு நாள் கண்ணைத் திறந்து, "பசிக்குது, அண்ணி," என்றான். புபாயின் குரல்.

பூச்சி மாத்திரையை எடுத்து வந்தாள். புழு செத்தால் காவல்காரன் விழிப்பான். சிறுநீரகம் போகும். அதோடு அந்த உடம்பும் போகும். மாமியார் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. ரெண்டு பேருல ஒருத்தனாவது இருக்கட்டும்."

மாத்திரை சுதேஷ்ணாவின் உள்ளங்கை வியர்வையில் கரைந்தது.

அப்போது வாசல் கதவில் தட்டல். மெதுவாக, இரண்டு முறை. தாமதமாக வரும்போது அனிமேஷ் அப்படித்தான் தட்டுவான்.

கட்டிலில் இருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். "திறக்காதீங்க, அண்ணி."

அவள் திறக்கவில்லை. கதவில் நெற்றியை வைத்து அழுதுகொண்டே நின்றாள். அந்தப் பக்கம் மழை... மழைக்குள் ஒரு களைத்த குரல்.

"சுதேஷ்ணா, சாவி உள்ளயே மாட்டிக்கிச்சு."