கைதட்டாத கூட்டம்

மேடையை நிறைத்திருக்கும் பள்ளிக்குழுப் பெருமக்களே! நாற்காலி கிடைக்காமல் நிற்கும் பெற்றோர்களே! தரையில் அமர்ந்திருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே! வணக்கம்.

நம் தமிழாசிரியை தெய்வநாயகி அம்மையார் மறைந்துவிட்டார். வாசலில் 'கதைச் செம்மல்' என்று பேனர் தொங்குகிறது. கட்டியவர் யார்? அவருடைய கதை வகுப்பை நிறுத்திய அதே குழு! இருந்தவருக்கு வாரம் ஒரு பீரியடு கொடுக்க மனமில்லை; செத்தவருக்கு வாசலை அடைத்துப் பேனர்! என்ன பெருந்தன்மை!

மோனிஷாவை உங்களுக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் படிக்கும், ஆட்டிசம் உள்ள பிள்ளை. குமாரபாளையத்துத் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவள். ஒரே சீராக ஓடும் அந்தச் சத்தம் அவளை ஒன்றும் செய்யாது. திடீரென்று எல்லோரும் கைதட்டினால்தான் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். ஆண்டு விழாவில் அலறினாள். இதோ அமர்ந்திருக்கிறாரே, செயலாளர் சபரிநாதன், அவர் என்ன சொன்னார்? "ஏனுங்க டீச்சர், அந்தப் புள்ளைக்கு டி.சி. குடுத்து ஊட்லயே வெச்சுக்கச் சொல்லுங்க. மானமே போச்சுங்க!"

அம்மையார் சண்டைக்குப் போகவில்லை. ஒரு கதை எழுதினார். அதில் ஒரு சிறுமி பரிசு வாங்க மேடையேறுகிறாள். ஒவ்வொரு கைதட்டலும் தகரக் கூரை சரிவதுபோல் அவள் காதில் விழுகிறது. பரிசும் வேண்டும், சத்தமும் நிற்க வேண்டும். சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. வகுப்பில் அதை வாசித்தார். அதுவரை மோனிஷாவைப் போலக் காதைப் பொத்திக் காட்டிச் சிரித்த சிவக்குமார் எழுந்து கேட்டான்: "அப்ப நாம தட்டறது அவளுக்கு வலிக்குதுங்களா, டீச்சர்?"

அன்றிலிருந்து அந்த வகுப்பில் கைதட்டல் இல்லை. பாராட்ட வேண்டுமென்றால் கைகளைத் தூக்கி ஆட்டினார்கள். செயலாளருக்கு அதுவும் பொறுக்கவில்லை. "கதை கேட்டா மார்க் வருமாங்க?" என்று வகுப்பையே நிறுத்தினார். சிறுவனுக்கு ஒரே கதையில் புரிந்தது, விசிட்டிங் கார்டு நிறையப் பட்டம் போட்டவருக்குப் புரியவில்லையே! அடுத்தவர் வலி தெரிந்துவிட்டால் உங்கள் தூக்கம் கெட்டுவிடும் என்ற பயமா, ஐயா?

மோனிஷாவும் இங்கே இருக்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். காதைப் பொத்தாமல் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள். ஏன்? இரங்கல் கூட்டத்தில் யாரும் கைதட்டுவதில்லை. இந்தப் பிள்ளை ஒரு கூட்டத்தில் நிம்மதியாக உட்கார, அவளுடைய டீச்சர் சாக வேண்டியிருந்தது!

திங்கள்கிழமை கதை வகுப்பு நடக்கும். கணக்கு வாத்தியாரான நான் என் பீரியடில் அம்மையாரின் கதையை வாசிப்பேன். மோனிஷா முதல் பெஞ்சில் இருப்பாள். டி.சி. கொடுக்க வருகிறவர் கதையை முழுதாகக் கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும்.

தெய்வநாயகி அம்மா, இது உங்கள்மேல் ஆணை. அதோ, பிள்ளைகள் கைகளைத் தூக்கி ஆட்டுகிறார்கள். செயலாளர் அவர்களே, உங்களுக்கும் இரண்டு கை இருக்கிறதல்லவா? தூக்குங்கள்.