எருமை தாண்டிப் போன ஓட்டம்

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தவள் சொன்னாள்:

“நேத்து அணைக்கரையில ஓடிக்கினு இருந்தேன். ஒரு எருமை என்னைத் தாண்டிப் போச்சுடி.”

தோழி சிரித்தாள். “இப்படி ஓடினா போலீஸ் செலக்‌ஷன்ல யாருடி எடுப்பாங்க?”

“போன வருஷம் வேகமாத்தான் ஓடிப் பழகினேன். செலக்‌ஷன்ல பாதியிலயே மயங்கி வுழுந்துட்டேன். இந்த வருஷம் வுட்டா வயசு தாண்டிடும். இதயத்துடிப்பு ஏறாம மெதுவா ஓடினாத்தான் ஸ்டாமினா ஏறும்.”

“வூட்ல இன்னா சொல்றாங்க?”



“நேத்துதான் மொத தடவையா கரை முழுக்க நிக்காம ஓடினேன். முடிச்ச உடனே அப்பாவுக்கு போன் பண்ணேன். எனக்கு மூச்சே வாங்கல. ஓடாமலே பொய் சொல்றேன்னு திட்டிட்டு வச்சிட்டாரு.”