ஓர் ஆளுக்கான படகு

– மறுபடியும் கரை பின்னாடி நகர்ந்துருச்சா? அட போங்கண்ணே! இதோட நாலாவது தடவை.

– நீ படிலே அருளு. நான் வெங்காயம் உரிக்கவா, ஒனக்குப் பதில் சொல்லவா?

– பக்கத்துக்குப் பக்கம் அவன் கால் மணல்ல படப்போகுது, படப்போகுதுன்னு எழுதுறீங்க. படவே மாட்டேங்குது. பதினாலு மாசமா நங்கூரம் போட்ட கப்பல்ல கெடக்கறவனுக்குப் படிக்கக் குடுக்குற கதையா இது? அந்தா தெரியுது பாருங்க ஷார்ஜா. பில்டிங்கை எண்ணிக் காட்டவா?

– எண்ணாத. நேத்தும் எண்ணுனே. எண்ணி முடிச்சுட்டுத் தட்டைத் தூக்கி எறிஞ்சே. இருக்கதே மூணு தட்டு.

– ஓனர் ஓடிட்டான். கேப்டன் போயாச்சு. ஒன்பது பேர்ல ஏழு பேர் வீடு போய்ச் சேர்ந்தாச்சு. சமையல் பண்றதுக்கு நீங்க, திங்கிறதுக்கு நான். ரெண்டு பேரும் எதுக்குக் காவல் இருக்கோம்? யார் வந்து இந்தத் துருப்பிடிச்ச டப்பாவைத் தூக்கிட்டுப் போவப் போறான்?

– ஆள் இல்லாத கப்பலைக் கடல்ல விடக்கூடாதுன்னு சட்டம். கோர்ட்டு இதை ஏலம் போடுத வரைக்கும் ஆள் இருக்கணும். தெரிஞ்சதையே எத்தன தடவ கேப்பே? படி.

– சரி, படிக்கிறேன். “கெராமோன் துடுப்பை ஊன்றிக்கொண்டு...” மொதல்ல இந்தப் பேரை மாத்துங்கண்ணே. வாயில கராமா, கராமான்னே வருது. உடனே துபாய் கராமா கடைத்தெருவுக்குப் போய் ஒரு நெய்ரோஸ்ட் சாப்பிடணும்னு நாக்கு ஊறுது.

– கிரேக்கப் பேரு அப்படித்தாம்லே இருக்கும். நான் எட்டு வருசம் கிரேக்கக் கப்பல்ல அடுப்படியில நின்னவன். சோத்து மேசையில ஒக்காந்தா அவனுவளுக்குச் சாமி கதையை விட்டா வேற பேச்சே கெடையாது. ஆனா இது அவனுவ சொன்ன கதை இல்ல. சாமி மட்டும் அவனுவ சாமி. கெராமோன் என் ஆளு.

– உங்க ஆளு என்ன பாவம் பண்ணான்? துடுப்பு செய்யற ஆசாரி. கடல்சாமி பொசைடனோட தோப்புன்னு தெரியாம ஒரு மரத்தை வெட்டிட்டான். அதுக்கு, எந்தக் கரையும் உன் காலை ஏத்துக்காதுன்னு சாபம். ஒரே ஒரு மரம்ணே!

– சாமிமாரு அப்படித்தான். நீ இன்னும் உப்பரக்கிகிட்ட வரலையா?

– இங்கதான் இருக்கா. “மூன்றாம் ஆண்டில் கெராமோனும் அவன் தோழன் மிர்த்தோனும் ஒரு வெள்ளைத் தீவைக் கண்டார்கள். அருகே போனபோதுதான் தெரிந்தது, அது தீவு அல்ல. மல்லாந்து கிடந்த ஓர் அரக்கியின் வயிறு. அவள் அழுதுகொண்டிருந்தாள். உலகத்துக் கடல்களின் உப்பெல்லாம் அவள் கண்களிலிருந்துதான் இறங்கியது. பிறந்த நாள் முதல் உப்பைத் தவிர வேறு சுவை அறியாதவள். மிர்த்தோனை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு, ‘இவனும் கரிக்கத்தான் போகிறான். ஆனாலும் தின்றாக வேண்டும்’ என்றாள்.”

– ம்.

– “கெராமோன் ஓடவில்லை. படகில் மிச்சமிருந்த அத்திப்பழத்தையும் தேனையும் பார்லி மாவில் போட்டுக் கிண்டினான். கரண்டி இல்லை. துடுப்பாலேயே அள்ளி அவள் நாக்கில் வைத்தான். அரக்கியின் அழுகை நின்றது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு உதட்டில் ஒட்டியதையும் நக்கினாள். பிறகு, ‘இதற்குப் பெயர் என்ன?’ என்றாள். ‘இனிப்பு’ என்றான் கெராமோன். ‘இத்தனை காலம் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?’ என்று அவள் கேட்டாள்.” சத்தியமா இது நல்லா இருக்குண்ணே.

– நல்லா இருக்குல்லா? சீனி தீர்ந்து நாலு மாசம் ஆவுது. அதை எழுதும்போது எனக்கே வாயில எச்சி ஊறிட்டு.

– “அவள் அழுகையை விட்டதும் கடலில் உப்புக் குறைந்தது. மீன்கள் மூச்சுத் திணறி மேலே மிதந்தன. பொசைடன் மூன்று முனை ஈட்டியோடு அலைகளைப் பிளந்துகொண்டு எழுந்தான். ‘என் கடலைக் குடிதண்ணீர் ஆக்கியவன் எவன்?’ என்று கர்ஜித்தான். மிர்த்தோனைக் காப்பாற்றிய கெராமோனுக்கு இன்னும் ஏழு ஆண்டு அலைச்சல் சேர்ந்தது.” பாத்தீங்களா! நல்லது பண்ணாலும் அடி. கடுப்பா வருதுண்ணே.

– கடுப்பை அடுத்த பக்கத்துக்கு வச்சுக்க.

– “பத்தாம் ஆண்டு. காற்று செத்துப்போன ஒரு மதியம். தூதுத் தெய்வமான ஹெர்மஸ் சிறகு முளைத்த செருப்போடு ஒரு சின்னப் படகில் வந்து நின்றான். ‘உன் மனைவி நாள்தோறும் வாசலில் நின்று அழுவதைத் தெய்வங்களால் பார்க்கச் சகிக்கவில்லை. ஏறு. இந்த முறை கரை விலகாது. ஆனால் படகில் ஓர் ஆளுக்குத்தான் இடம்’ என்றான். மிர்த்தோனோ காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தான். கெராமோன் படகைப் பார்த்தான். தோழனைப் பார்த்தான். ‘இவனை விட்டு வரமாட்டேன். படகைத் திருப்பும்’ என்றான்.”

– ஏன் நிறுத்திட்டே?

– முட்டாப்பய.

– ஏலே!

– முட்டாப்பயதாண்ணே அவன்! பத்து வருசம் அலைஞ்சவனைத் தேடிப் படகு வருது, திருப்பி அனுப்புறானாம். பொண்டாட்டி வாசல்ல நிக்கிறா. அவ என்ன ஆனா? அதை எழுதுனீங்களா? இவன் கரைக்குப் போயி நாலு பேரைக் கூட்டிட்டு வந்து தோழனைத் தூக்கிருக்கலாம்ல? எப்ப எழுதுனீங்க இதை?

– செவ்வாக்கெழம. லாக் புக்கை இப்படிக் கசக்காத, கிழிஞ்சுரும். கப்பல்ல வேற பேப்பர் கெடையாது.

– கிழியட்டும்.

– ஹலோ, தியாகுண்ணா! நான் ஏஜென்ட் ஆபீஸ் விஜயபாஸ்கர் பேசறனுங்க. கேக்குதுங்களா? ஓவர்.

– ரேடியோ! எடுங்கண்ணே, எடுங்க!

– கேக்கு தம்பி, தியாகு பேசுதேன். சொல்லுங்க. ஓவர்.

– போட்டுல நானே வந்துட்டிருக்கறனுங்க. இன்னும் இருவது நிமிசம். போர்ட்ல இருந்து ரெண்டு வாட்ச்மேனை அனுப்பிச்சுட்டாங்க. அவிங்க மேல ஏறுனதும் நீங்க ரெண்டு பேரும் எறங்கிக்கலாம். ரெண்டு பேருக்கும் பேப்பர் ஆயிருச்சுங்க. நாளான்னிக்கு ஃப்ளைட்டு. அப்பறம் தியாகுண்ணா, கோவிச்சுக்காதீங்க, திங்கக்கிழமை மாதிரி போட்டைத் திருப்பி அனுப்பிப் போடாதீங்க. அன்னிக்கு மேனேஜர் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிட்டாருங்க. ஓவர்.

– சரி தம்பி. வாங்க.

– ஏலே அருளு. லாக் புக்கை எதுக்கு மூடுதே? சந்தோசப்படுலே. ரெண்டு பேருக்கும் பேப்பர் வந்தாச்சு.

– திங்கக்கிழமை போட் வந்துச்சா?

– வந்துச்சு.

– யாருக்கு?

– ஒரு ஆளுக்குத்தான் பேப்பர். என் பேரு போட்டிருந்துது. ஒருத்தன் கப்பல்ல இருந்தாவணும்லா. நீ காய்ச்சல்ல போர்வையை இழுத்து மூடிக்கிட்டுக் கெடந்தே. நெத்தியைத் தொட்டா தோசைக்கல்லு மாதிரி சுடுது. அப்படியே போட்டுட்டு எப்படிலே போவ?

– யார் உங்களை இருக்கச் சொன்னா?

– என்னது?

– யார் இருக்கச் சொன்னான்னு கேக்குறேன்! உங்க வீட்டுல வசந்தகுமாரி அக்கா இடுப்பு ஆபரேஷனை எத்தனை தடவை தள்ளி வச்சிருக்காங்க? நீங்க வந்தாத்தான் மேசையில ஏறுவேன்னு மூணு தடவை தேதியை மாத்திட்டாங்க. நீங்களே சொன்னீங்க. அந்த டாக்டர் இந்த மாசத்தோட ஊரை விட்டே போறாரு. அப்ப ஏறிப் போறதுதானே? போய் ஆபீஸ்ல நின்னு கத்தினா எனக்கும் பேப்பர் வாங்கியிருக்கலாம்ல?

– நல்லா இருக்கே. ஒனக்காவ இருந்ததுக்கு ஏச்சு வேறயா? ஒரு வார்த்தை, சந்தோசம்ணேன்னு சொல்லக் கூடாதா?

– சொல்ல மாட்டேன்.

– சவத்தை விடு. நல்ல நாளும் அதுவுமா சண்டை எதுக்கு? உன் பையை எடு. ஒன் பொண்டாட்டி உமாராணி படத்தைச் சுவத்துல இருந்து எடுத்தியா?

– காலையிலயே எடுத்துட்டேன். தினம் காலையில எடுத்துப் பையில வைக்கிறேன், சாயங்காலம் திரும்ப ஒட்டுறேன். உங்க பை எங்க?

– எனக்கு என்னத்த பை. ரெண்டு கைலி, ஒரு கரண்டி. அடுப்பை அணைச்சிட்டு வாரேன். வெங்காயம் உரிச்சது வீணாப் போவும்.

– வெங்காயம் கெடக்கட்டும்ணே! வாட்ச்மேன் வந்து தின்னுட்டுப் போறான். வாங்க.

– சாம்பார் வச்சுக் குடுத்துட்டுப் போனா என்ன? பாவம், வாரவனுவளுக்கு...

– அண்ணே. போட் வந்துருச்சு. கீழ பாருங்க.

– தியாகுண்ணா! அருளு! வாட்ச்மேனுங்க ரெண்டு பேரும் மேல ஏறிட்டாங்களா? யல்லா, யல்லா, எறங்குங்க! அலை ஏறுதுங்க, ரொம்ப நேரம் போட்டைப் புடிச்சு நிறுத்த முடியாது!

– நீங்க மொதல்ல இறங்குங்கண்ணே.

– நீ போ. நான் அடுப்பைப் பாத்துட்டு வாரேன்.

– அடுப்பு அணைஞ்சிருச்சு. நான் பாத்துட்டேன்.

– கிச்சன் சாவியை அவனுவ கையில குடுக்கணும்லா.

– குடுத்துட்டேன். என்னண்ணே, மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது? ஏணியைப் புடிங்க. இருபத்தெட்டு வருசம் கப்பல்ல ஏறி இறங்குன கை அது.

– தெரியும்லே. தள்ளாத.

– நான் தள்ளலை.

– ஏனுங்க, என்ன பண்றீங்க அங்க? ஜல்தி!

– இந்தா வாரோம் தம்பி! ஒரு நிமிசம்! அருளு... இங்க பாரு. நீ போயிரு. நான் அடுத்த போட்டுல வாரேன்.

– அடுத்த போட் கெடையாது. இதான் போட். என்ன ஆச்சு உங்களுக்கு?

– கால் வரல.

– வலிக்குதா?

– வலி இல்லலே. வரல. திங்கக்கெழமையும் இப்படித்தான். மூணு படி எறங்குனேன். நாலாவது படிக்குக் கால் வரமாட்டேங்குது. கீழ போட்டுக்காரன் கத்துதான். எனக்கு அங்க கரை தெரியுது, பில்டிங்கு தெரியுது, என் வீடும் தெரியுத மாதிரி இருக்கு. அவ கட்டில்ல படுத்திருப்பா. நான் பக்கத்துல நிக்கணும். நின்னு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாதுலே. கல்யாணம் ஆன நாள்ல இருந்து வருசத்துல ரெண்டு மாசத்துக்கு மேல நான் அந்த வீட்டுல இருந்ததே இல்ல. அவளுக்கு டீயில சீனி எத்தனை கரண்டின்னு கேட்டா தெரியாது. கப்பல்ல இருந்த அத்தனை பேருக்கும் எத்தனை கரண்டின்னு எனக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. திரும்ப மேல ஏறிட்டேன்.

– அண்ணே...

– அப்புறம்தான் நீ காய்ச்சல்ல கெடக்குத ஞாபகம் வந்துது. சத்தியமா அப்புறம்தான். நல்ல காரணமாப் போச்சுன்னு போட்டுக்காரன்கிட்ட அதைச் சொல்லி அனுப்பிட்டேன். அடுத்த நாளு ஒக்காந்து, கெராமோன் தோழனுக்காவ நின்னான்னு பெரிய மனுசன் மாதிரி எழுதியும் வச்சுட்டேன். நீ அவனை முட்டாப்பயன்னே. அவன் அதுகூட இல்ல. பயந்தாங்கொள்ளி. நீ எனக்கு ஒண்ணும் கடன்பட்டிருக்கலலே. அதைத்தான் சொல்ல வந்தேன். இப்பப் போ.

– கையைக் குடுங்க.

– போன்னு சொல்லுதேன்லா.

– நான் உங்களுக்கு முன்னாடி, கீழ நிக்கிறேன். உங்க காலை நானே புடிச்சு ஒவ்வொரு படியா வைக்கிறேன். நீங்க கீழ பாக்காதீங்க, கப்பலோட இந்தத் தகரத்தையே பாருங்க. இந்தா, வலது காலு. வச்சாச்சு. இடது காலு.

– விழுந்துருவேன்லே.

– விழுந்தா என் மேலதான் விழுவீங்க. விஜயபாஸ்கர் சார், போட்டைக் கிட்ட ஒட்டிப் புடிங்க! மூணாவது படி. நாலாவதுக்கு வரோம்ணே. காலை லூசா விடுங்க.

– அருளு, முடியல. ஏதாவது பேசு. என்னத்தையாவது சொல்லிக்கிட்டே இரு.

– சொல்றேன். இன்னிக்குச் சொல்லலைன்னா எப்பவும் சொல்ல மாட்டேன். கேட்டுட்டு என்னை உதைக்கணும்னா போட்டுல போயி உதைங்க, இங்க வேண்டாம். காலை வைங்க. ஆங், நாலு.

– என்னலே சொல்லப் போற?

– திங்கக்கிழமை ரேடியோவுல உங்க பேரை மட்டும் வாசிச்சாங்கள்ல, நான் கதவுக்கு வெளியே நின்னு கேட்டுக்கிட்டுத்தாண்ணே இருந்தேன். இந்தக் கப்பல்ல என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு பயந்து, ஒரு மணி நேரம் டெக்குல போய் வெயில்ல நெத்தியைக் காட்டிட்டு வந்து போர்வைக்குள்ள படுத்தேன். எனக்குக் காய்ச்சலே இல்லண்ணே.