பெண்கள் கழிப்பறைச் சாவி தொடர்பாக

பட்டு நெசவாளர் சங்கத் தலைவர் உதயகுமார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதைக் கொண்டுவந்த பெண் நல்ல பெண். பெயர் ஷாரோன் என்றாள். ஓரிக்கையிலிருந்து தினமும் வந்து நம் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறாளாம். வெயிலில் செவிலிமேடு வரைக்கும் வந்திருக்கிறாளே என்று இரண்டு டம்ளர் நீர்மோர் கொடுத்தேன். முதலில் தயங்கினாள். "குடிம்மா, மோருதானே" என்றதும் இரண்டையும் குடித்துவிட்டாள். இப்போது கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதி முடித்ததும் விளக்கத்தை வாங்கிக்கொண்டு போவாள்.

தாங்கள் முதலில் கேட்டிருப்பது இது. மகளிர் தின விழாவில் நான் திறந்துவைத்த பெண்கள் கழிப்பறையின் சாவி எங்கே? என்னிடம் இருக்கிறது. ரிப்பனை வெட்டினேன், கதவைத் திறந்தேன், உள்ளே ஆளுயரக் கண்ணாடி மாட்டியிருந்ததைப் பார்த்தேன், கதவைச் சாத்திப் பூட்டினேன், மேடையேறி ஐம்பது நிமிடம் பேசினேன், ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்புறம் உங்கள் ஆபீஸிலிருந்து நூறு தடவை போன் வந்தது. சரி, மூன்று தடவை. எடுக்கவில்லை.

ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எழுபத்தாறு வயதில் ஒருத்தியை ஏன் என்று கேட்க ஆள் கிடைப்பதே அபூர்வம். ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பெண் கை படாத பட்டுப்புடவை இந்த ஊரில் கிடையாது. பட்டு நூலை இழைப்பதும், தார் சுற்றுவதும், பாவு பிடிப்பதும் பெண்கள்தான். ஆனால் சங்கப் பதிவேட்டில் நெசவாளர் என்று இருந்ததெல்லாம் அவர்கள் புருஷன் பெயர். அந்தச் சங்கத்தில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் நான். நாற்பத்தோரு ஆண்கள், நான் ஒருத்தி. என்னைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். வரதர் கோயில் கருடசேவைக்கு வந்த கூட்டத்தில் பாதி என்னையும் சேவித்துவிட்டுத்தான் ஊர் திரும்பியது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பவும் வேண்டாம்.

நாற்காலி கொடுத்தவர்கள் கழிப்பறையை மறந்துவிட்டார்கள். ஆண்களுக்குப் பின்பக்கச் சுவர் இருந்தது. எனக்கு ஒன்றுமில்லை. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் நான்கு வருடம் பாலாறு மாதிரி கிடந்தேன். எழுபத்து நான்கில் பொதுக்குழு கூடியபோது முந்நூறு ஆண்களுக்கு நடுவில் எழுந்து நின்று கேட்டேன்.

"வூட்டுக்குப் போனா எல்லாம் இருக்குதேம்மா" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. கூட்டம் சிரித்தது.

"அப்ப நீங்களும் வூட்டுக்கே போங்கப்பா. செவுத்த நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அன்றைய செயலாளர் மாணிக்கவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டே அனுமதி கொடுத்தார். இரண்டே மாதத்தில் கட்டடம் எழுந்தது. ஆறடிக்கு நாலடி, மேலே சிமென்ட் ஷீட். ஏகாம்பரநாதர் கோபுரத்துக்கு அடுத்தபடி இந்த ஊரில் கம்பீரமான கட்டடம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். ஒரு பித்தளைச் சாவியை எல்லார் முன்னிலையிலும் என் கையில் கொடுத்தார்கள். தொலைந்துவிடக் கூடாதே என்று தாலிக்கொடியில் கோர்த்துக்கொண்டேன்.

"இன்னாடி இது, கக்கூஸ் சாவிய கழுத்துல தொங்கவுட்டுனுகீற?" என்றார் வீட்டுக்காரர் கந்தன். பாவம், தறியைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர். நான் சம்பாதித்ததில் அது ஒன்றுதான் என் பெயரில் இருந்தது என்பது அவருக்குப் புரியவில்லை.

எழுபத்தெட்டில் இரண்டாவது பெண்ணை எடுத்தார்கள். அகிலா, என் சித்தப்பா மகள். மகா சுறுசுறுப்பு. பதினொரு மணிக்கு வந்து "அக்கா, சாவி" என்பாள். "இதோம்மா, இந்த ஃபைல முடிச்சுட்டுத் தரேன்" என்பேன். அந்தக் காலத்து ஃபைல்கள் பெரியவை. ஒன்று முடிந்தால் இன்னொன்று இருக்கும். நாற்பது நாளில் அகிலா நின்றுவிட்டாள். நான் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

எண்பத்திரண்டில் மேரி வந்தாள். ஓரிக்கைக்காரி, டைப்பிஸ்ட். தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ் செய்தவள். அவள் தட்ட ஆரம்பித்தால் தெருவில் ஓடுகிற தறிகளெல்லாம் வெட்கப்பட்டு நின்றுவிடும். அவள் அப்பா ஒரு காலத்தில் என் பெரியப்பா நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். அதை மனதில் வைத்துத்தான் நான் நடந்துகொண்டேன் என்று பின்னால் சிலர் பேசினார்கள். அபாண்டம். சொந்தச் சித்தப்பா மகளையே நாற்பது நாளில் விரட்டியவள் நான். என்னிடம் பாகுபாடு கிடையாது.

ஒரு நாள் மாணிக்கவேல் என் காதுபடச் சொன்னார்: "இந்தப் பொண்ணு ரெண்டு வருஷத்துல சூப்ரெண்டு ஆயிடும் போலக்குதே." அதற்கு அடுத்த வாரம் ஐயம்பேட்டையில் தறிகளை ஆய்வு செய்யும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பத்து மணிக்கு பஸ் ஏறுவேன், ஐந்து மணிக்குத் திரும்புவேன். கழுத்தில் சாவியும் கூட வரும். தாலியைக் கழற்றி வைத்துவிட்டா ஒரு சுமங்கலி வெளியே போக முடியும்?

மேரி அப்போது முழுகாமல் இருந்தாள். ஒரு காலையில் வாசல்வரை ஓடிவந்தாள்.

"அக்கா, சாவிய மட்டும் வெச்சுட்டுப் போங்கக்கா. ஆறு மாசம் ஆவுது. அடக்க முடியலக்கா."

"மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்மா" என்றேன்.

ஐந்து மணிக்குத்தான் போனேன். பஸ் தாமதம் என்று இங்கே எழுதலாம், நீங்களும் ஏற்றுக்கொள்வீர்கள். ஆனால் விளக்கம் என்றால் விளக்கமாக இருக்க வேண்டும். இரண்டு மணிக்கே ஊருக்குள் வந்துவிட்டேன். கச்சபேஸ்வரர் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். நல்ல வறுவல், இன்னும் நாக்கில் இருக்கிறது.

இப்படி ஐந்து வாரம். மேரி கேட்பதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினாள். அவள் மேஜை மேல் டம்ளர் கவிழ்த்தபடியே இருந்தது. பியூன் பரசுராமன்கூட, "மேரிம்மா உபவாசம் இருக்குதுபோல" என்று கிண்டல் செய்தான். மே மாதத்தில் ஒரு நாள் டைப்ரைட்டர் மேலேயே சாய்ந்துவிட்டாள். ஜுரம். சிறுநீரகத்தில் சீழ் பிடித்திருக்கிறது என்றார்கள். ஏழாம் மாதத்திலேயே குழந்தை வந்துவிட்டது. தங்கவில்லை.

ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். ஆபீஸிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். "தண்ணி குடிக்காம அடக்கிக்கினே இருந்ததாலன்னு டாக்டரு சொல்றாருக்கா" என்றாள். "ஒடம்ப பாத்துக்கணும்மா" என்றேன். நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கிலி புதுசு என்று நினைத்தாளோ என்னவோ.

ராஜினாமா கடிதம் பதினைந்து நாளில் வந்தது. அவளே டைப் அடித்தது, ஒரு பிழை இல்லை. அதன் மேல் அலுவலகக் குறிப்பு எழுதியவள் நான்: "பெண் பணியாளர்கள் உடல்நிலை காரணமாக நீடிப்பதில்லை. எதிர்வரும் நியமனங்களில் கவனத்தில் கொள்ளலாம்." மாணிக்கவேல் கையெழுத்துப் போட்டார். ஒரு பெண்ணே எழுதியிருக்கிறாள், தப்பாகவா இருக்கும்? நான் ஓய்வு பெறும்வரை, இருபத்து நான்கு வருடம், வேறொரு பெண் அந்தப் படி ஏறவில்லை. சூப்பிரண்டு பதவி யாருக்குக் கிடைத்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

விழாவில் நீங்கள் என்னை 'சங்கத்தின் முதல் பெண் அலுவலர், முப்பத்தாறு வருடத்தில் ஒரே பெண் அலுவலர்' என்று அறிவித்தீர்கள். ஒரு நிமிடம் கைதட்டினார்கள். முதல் பெண்ணாக இருப்பது அதிர்ஷ்டம், யார் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே பெண்ணாக இருப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும். அந்தக் கைதட்டல் நியாயமானது. முன்வரிசையில், இப்போது சங்கத்தில் வேலை பார்க்கும் நான்கு பெண்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நால்வர் கையிலும் தண்ணீர் பாட்டில் இருந்தது. பொதுக்குழுவில் ஒரு வார்த்தை கேட்காமல், முந்நூறு பேர் சிரிப்பைத் தாங்காமல், ஆளுயரக் கண்ணாடியோடு கிடைத்துவிட்டது. அருமை தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் சாவியை எடுத்துவந்தேன். அவர்கள் நன்மைக்கு.

இங்கே ஒரு சின்னத் தடங்கல். ஷாரோன் எழுந்து வந்து நிற்கிறாள்.

"மேடம், பாத்ரூம் எங்க இருக்குது?"

"இதோம்மா, இத முடிச்சுட்டுக் காட்டறேன். தாப்பா கொஞ்சம் மக்கர் பண்ணும், உனுக்குத் தெரியாது."

நியாயமாகப் பார்த்தால் விளக்கம் மேலே உள்ள பத்தியோடு முடிந்துவிட்டது. இருந்தாலும் இன்னும் ஒரு பக்கம் எழுதலாம் என்று தோன்றுகிறது. அந்தக் காலத்து ஃபைல்களைப் பற்றி, பேனா மையைப் பற்றி.

பெண் போய்விட்டாள். பக்கத்து வீட்டு ஜெயம்மாள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடத்தில் முகத்தையும் கழுவிக்கொண்டு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நிதானமா எழுதுங்க மேடம். ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

"சாவி இல்லாம நாலு பேரும் இன்னாம்மா பண்றீங்க?"

"பூட்ட ஒடைச்சுட்டோமே. நீங்க ஆட்டோ ஏறினதும் நாங்களே சுத்திய எடுத்து ஒரே போடு. இப்ப வெறும் தாப்பாதான்."

"அப்ப இந்தக் கடுதாசி எதுக்கு?"

"ஃபைல முடிக்கணுமாம். சாவி தொலைஞ்சிடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்னாரு தலைவரு."

ஒரு வரி. நான் ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். கிழித்துப் போட்டுவிட்டு அந்த ஒரு வரியை எழுதித் தரலாம். ஆனால் முப்பத்தாறு வருடத்தில் நான் ஒரு பொய்யையும் ஃபைலில் ஏற்றியதில்லை, மேரி விஷயத்தில் எழுதிய அந்த ஒரு குறிப்பைத் தவிர. அதையும் இந்தக் கடிதம் நேர்செய்துவிடுகிறது. ஆகவே அப்படியே அனுப்புகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். உடைத்த பூட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அதன் சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
கமலவேணி
முதல் பெண் அலுவலர் (ஓய்வு)