நடுவுல வந்து கை தட்டு

“மணி மூணு நாப்பதுக்கு என் சர்வீஸ் நெட்ல அடிச்சுது. அதோட எல்லாம் போச்சு.”

இரண்டாயிரத்துச் சில்லறை வருஷம். மகளை முதன்முதலாக விடுதியில் விட்டுவிட்டு, தாம்பரம் ஸ்டேஷனில் சென்னை பீச் போகும் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் வாலிபால் ஜெர்சியோடு இரண்டு பள்ளிப் பெண்கள். அவர்கள் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

“சர்வீஸ் போனதால தோக்கலடி. உன் மூஞ்சி போனதால தோத்தோம்.”

“என்னடி சொல்ற?”

“பாயின்ட் போனா எல்லாரும் நடுவுல வந்து ஒருத்தி கையில ஒருத்தி தட்டிட்டுப் போவோம்ல? நீ மட்டும் இடுப்புல கை வெச்சுகிட்டு தரையைப் பார்த்துட்டு நின்ன. அப்புறம் எங்க யாருக்கும் கை தட்டத் தோணல. எதிர் டீம் குரோம்பேட்டைக்காரிங்க சிரிச்சுகிட்டே எல்லா பந்தையும் உனக்கே போட்டாளுங்க.”

“நாளைக்கு மேட்ச்ல மிஸ் என்னை வெளிய உக்கார வெச்சிடுவாங்க.”

“இதோ, இந்த மூஞ்சிதான்!”

பந்துப் பையைச் சுமந்துகொண்டு பி.டி. மிஸ் படியிறங்கி வந்தார். சர்வீஸைத் தவறவிட்ட பெண் எழுந்தாள், தலை நிமிரவில்லை.

“நாளைக்கும் முதல் சர்வீஸ் நீதான். நெட்ல அடிச்சாலும் பரவாயில்ல. நடுவுல வந்து கை தட்டாம நின்னா மட்டும்தான் வெளிய உக்காருவே,” என்றார் மிஸ்.