நோன்பு நாளில் விழுந்த கையெழுத்து

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத்துப் பெரியோர்களே, ஆலையிலிருந்து வந்திருக்கும் அதிகாரி ஐயா அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் காரைக்குடி மக்களே, நீலாயதாட்சியின் வணக்கம்.

என் பேத்தி சௌபர்ணிகா பல் மருத்துவர். அடுத்தவள் தீக்ஷா, ஆடிட்டர் பரீட்சையை முதல் தடவையிலேயே தாண்டியவள். இவர்களுக்கு மூத்தவன்தான் என் மகன் வயிற்றுப் பேரன், பொறியாளர் நாராயண். தங்கப் பதக்கம் வாங்கியவன். முப்பத்திரண்டு வயதில் நிலக்கரி மின் ஆலையில் ஒரு பிரிவுக்கே பொறுப்பாளன். இரங்கல் கூட்டத்தில் பெருமை பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். இந்த வீட்டுப் பிள்ளைகள் எதையும் அரைகுறையாகச் செய்ததில்லை. அதைத்தான் முதலில் சொல்லவேண்டியிருக்கிறது.

அவனுக்கு அங்கே என்ன வேலை? நானும் கேட்டேன்.

“கரியை வாயுவா மாத்தி, அதை எரிச்சுக் கரண்டு எடுக்குறோம் அப்பத்தா. வாயுவுல சாம்பல் பறக்கும். சூட்டோட வடிகட்டணும்.”

“ஆற வச்சு வடிகட்டுனா என்னப்பா?”

“ஆறுன காப்பியை நீங்க குடிப்பீகளா? சூடு போனா பாதிப் பலன் போயிரும்.”

“துணி கருகிராதா?”

“துணி இல்ல, பீங்கான் குழாய். ஆளுயரம் இருக்கும். ஒண்ணு கீறினாலும் சாம்பல் அங்குட்டுப் போயி இரும்பையே அரிச்சிரும்.”

அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டி, காதை வைத்துக் கேட்பானாம். சத்தம் மந்தமாக இருந்தால் ஒதுக்கிவிடுவானாம். தாமதம் செய்கிறான் என்று மேலே இருந்தவர்கள் ஏசினார்களாம். அவனா கீறிய குழாயைத் தேறியது என்று எழுதுவான்?

போன மாதம் அப்படிக் கீறிய ஒரு குழாய் வழியாகத்தான் சாம்பல் போய், இரும்பை அரித்து, வாயு பீறிட்டு என் பேரன் மாண்டான்.

இன்று காலை அதிகாரி ஐயா ஒரு நகலைக் காட்டினார். “குழாயெல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டதே உங்க பேரன்தான் ஆச்சி. தவறு அவர் மேல. ஒப்புக்கிட்டு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சிடும்.”

“என்ன முடியும்?” என்றேன். பேனாவை நீட்டினார்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் தேதி படிக்கத் தெரியும். தாளில் இருந்த தேதி, போன பிள்ளையார் நோன்பு! நேரம், மாலை ஆறரை! வருஷா வருஷம் தேதி மாறுகிற நோன்பு அது. வெளியாருக்கு எப்படித் தெரியும்? அன்று அவன் லீவில் என் எதிரே நின்றான். வீட்டுக்கு மூத்தவள் நான். இருபத்தோரு நூலிழையைத் திரியாகத் திரித்து, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு அவன் கையில் கொடுத்தேன். எங்கள் வழக்கப்படி அப்படியே வாயில் போட்டு இழை எடுத்துக்கொண்டு சிரித்தான். இங்கே இழை எடுத்த கை, அதே பொழுதில் அறுநூறு மைலுக்கு அப்பால் எப்படிக் கையெழுத்துப் போடும்?

ஐயா, நான் உங்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. சந்தேகப்படுகிறேன். அசல் தாள் எங்கே? அவன் லீவுச் சீட்டு எங்கே? அன்று குழாய்களைச் சோதித்தது யார்? யாராவது சோதித்தார்களா? அதே தாளில் தேறிய மற்றக் குழாய்கள் இன்னும் ஓடுகின்றனவாமே! அவற்றின் கீழே நிற்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

சபையோரே, நான் கையெழுத்துப் போடமாட்டேன். நாளைக் காலை பேத்திகளோடு தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போகிறேன். ஒவ்வொரு குழாயையும் திரும்பச் சோதிக்கும்வரை ஓயமாட்டேன். நாராயண் செய்த வேலை நிற்காது.

ஐயா, இன்னொன்று. ஆலையின் இணையப் பக்கத்தில் அஞ்சலி என்று அவனுடைய அடையாள அட்டைப் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். தீக்ஷாவின் போனில் வேறு படம் இருக்கிறது. நோன்பன்று, கையில் சுடரோடு நிற்கிறான். மூலையில் தேதியும் நேரமும் தெளிவாக இருக்கின்றன. அதைப் போடுங்கள்.